தாடை வரை

ஆடிட்டர் சேவுகனுக்கு வலது தோள் உறைந்துவிட்டது.
செவ்வாய், வெள்ளி, காலை ஏழு மணி,
ராம் நகரில் அவர் வீட்டு மின்விசிறிக்குக் கீழே
கையைப் பிடித்து மெல்ல மேலே ஏற்றுவேன்.
காது வரை வராது. தாடையிலேயே கத்துவார்.
"தினமும் சுவரில் விரல் ஏற்றிப் பழகுறீங்களா?"
"பழகுறேன்."
"பிலோமினா, கணக்கு எழுதி முடிச்சியா?"
"முடிச்சிட்டேன், சார்."
இருவரும் மின்விசிறியைப் பார்ப்போம்.

ஜூலை முழுக்க இப்படித்தான் போனது.

தேவகோட்டையில் எனக்குத் தெரியாத முழங்கால் இல்லை.
உமையாள் ஆச்சியின் இடது மூட்டு
படியிறங்கும்போது அப்பளமாய் நொறுங்கும்.
சிலம்பணிப் பக்கம் இடுப்பு மாற்றிய வாத்தியாருக்கு
நாற்காலியை நம்பவே இருபது நாள்.
யார் எத்தனை பாகை மடக்குவார்கள் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
போன வருஷம் எவ்வளவு வந்தது என்று மட்டும்
கேட்டுவிடக் கூடாது.

தலையணைக்கு அடியிலிருந்து சூடான ஐந்நூறு,
மகள் நியூஜெர்சியில் விழித்திருக்கும் நேரம்
வங்கியில் விழும் நாலாயிரம்,
மொய்க் கவரில் ஒட்டிய ஒரு ரூபாய்,
ஒரு டப்பா சீப்புச் சீடை
(அதற்கு ரசீது யார் தருவார்?).
எல்லாவற்றையும் பெட்ரோல் சீட்டுகளின் முதுகில் எழுதினேன்.
ஐப்பசி மழையில் வண்டிப் பெட்டி நனைந்து
பாதி ஆண்டு நீல மையாய்க் கரைந்துபோனது.

"பாதியை லாபம்னு காட்டினாப் போதும், சட்டமே ஒத்துக்கும்" என்பார் சேவுகன்.
எதில் பாதி?
"வங்கிக் கணக்கையாவது கொடு, நானே போட்டுத் தர்றேன்" என்பார்.
அதைத்தான் காட்ட முடியவில்லை.
இரவில் செயலியைத் திறப்பேன். ஏப்ரல், மே என்று உருட்டுவேன்.
டிசம்பரில் விரல் நின்றுவிடும்.
அதற்கு மேல் ஏறாது.

சித.அரு. வெள்ளையன் மார்கழி ஒன்பதில் போய்விட்டார்.
பக்கவாதம் வந்து பதினான்கு மாதம்
இடது கால் கட்டைவிரலை அசைக்கப் பழகிய மனிதர்.
அசைந்த அன்று தெருவுக்கே பால் பணியாரம்.
ஜனவரி முதல் தேதி மஸ்கட்டிலிருந்து ஆறாயிரம் வந்தது,
மகன் வயிரவன் எப்போதோ வைத்த தானியங்கிப் பணம்;
ஆள் இல்லாதது அதற்குத் தெரியவில்லை.
பிப்ரவரியிலும் வந்தது. மார்ச்சிலும்.
சொல்லிவிட வேண்டும் என்று நினைத்த நாளெல்லாம்
சிலிண்டர் தீர்ந்திருந்தது,
அல்லது வண்டிக்குப் பின்சக்கர டயர்.

முப்பத்தொன்று, ஆடி பதினைந்து, ராத்திரி.
ஒலிபெருக்கியில் அம்மனை அழைக்கிறார்கள்,
மடிக்கணினியில் வட்டம் சுற்றுகிறது.
நேரம் முடிந்ததென்று ஒருமுறை வெளியே தள்ளியது.
தாமதக் கட்டணம் ஆயிரமா ஐயாயிரமா?
அதைச் சொல்லவும் வருமானம் தெரிய வேண்டுமாம்.

பதினொன்று பத்துக்கு வயிரவனுக்கு எழுதினேன்.
மூன்று மாதம், பதினெட்டாயிரம், வராத நாட்களுக்கு.
நீல டிக் விழுந்தது. எழுதுகிறார் என்றது. நின்றது.
மறுபடி எழுதுகிறார்.
"தெரியும் அக்கா.
நிறுத்துற பட்டனை அழுத்த
எனக்கு மூணு மாசம் ஆச்சு.
வச்சுக்கங்க."

இதற்குக் கட்டம் இல்லை.
வட்டியா, பரிசா, இதரமா என்று மேலும் கீழும் தேடினேன்.
கடைசியில் தொழில் வருமானம் என்றே போட்டேன்,
அந்தக் கட்டைவிரல் சாட்சி.
பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு ஆறு இலக்கம் வந்தது.
நடுங்கி ஒரு எண்ணைத் தப்பாய் அடித்து
திரும்ப அடித்தேன்.

வெள்ளிக்கிழமை.
"கணக்கு?"
"அனுப்பிட்டேன், சார்."
"நிஜமாவா?"
ஒப்புகைச் சீட்டை நீட்டினேன். கண்ணாடியை மாற்றி
இரண்டு முறை படித்தார்.
"நீங்க சுவரில் விரல் ஏத்தினீங்களா?"
"ஏத்தினேனே."
கையைத் தூக்கினேன்.
தாடை.
இம்முறை மின்விசிறியை
அவர் மட்டும் பார்த்தார்.